ஏட்டுக்கு ஈந்த வாழ்வு

நுழையும்முன்

ஒருவரிடம் பல திறமைகள் அமைவது பேறு. அவற்றுள் எதனை வளர்ப்பது, எதனை விடுப்பது என்று தெளிவது அதனினும் அரியது. இசைவாணராகவோ புலவராகவோ புகழ்பெற்றிருக்கக்கூடிய ஒருவர், தம் ஆற்றல் முழுவதையும் ஒரே பணியில் செலுத்தினார். அதனால் சங்கத்தமிழ் நம் கைக்கு வந்தது. தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையரின் வாழ்வை அத்தேர்வின் வழியே காண்போம்.

இசையும் தமிழும்

அன்றைய தஞ்சை மாவட்டத்தில் காவிரி பாயும் நிலப்பகுதியில் இருந்த சிற்றூர் உத்தமதானபுரம். அவ்வூரைச் சேர்ந்த வேங்கடசுப்பையரின் மகனாக 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் சாமிநாதையர் பிறந்தார். வேங்கடராமன் என்பது பெற்றோர் இட்ட பெயர். சாமிநாதன் என்னும் பெயர் பின்னர் ஆசிரியரால் நிலைபெற்றது.

தந்தையார் இசைவாணர், கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். இராமாயணக் கதையைப் பாட்டும் பொருளுமாக ஊர்தோறும் சொல்லி, அதனால் கிடைத்ததைக் கொண்டு குடும்பத்தைக் காத்தார். மகனும் தம் வழியிலேயே இசையில் சிறந்து விளங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ தமிழ்ச் செய்யுளின்மேல் தீராத வேட்கை. நல்ல ஆசிரியரைத் தேடிக் குடும்பமே ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. அரியலூர், குன்னம் எனப் பல ஊர்களில் கிடைத்த ஆசிரியர்களிடம் கிடைத்த நூல்களைச் சிறுவர் சாமிநாதன் கற்றார். வறுமை உடன் வந்தது; வேட்கை குறையவில்லை.

1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் மாணவரானார். அதே மாயூரத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்துவந்தார். தந்தையின் விருப்பப்படி அவரிடம் இசையும் பயிலத் தொடங்கினார். காலையில் தமிழ், பின்னர் இசை என இரண்டு கல்வியும் ஒருங்கே நடந்தன.

இச்செய்தி மகாவித்துவானுக்குத் தெரியவந்தது. இசைப்பயிற்சியில் ஈடுபட்டால் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஆழ்ந்து செல்லாது என்று அவர் கருதினார். ஆசிரியரின் உள்ளத்தை உணர்ந்த மாணவர் அன்றே இசைப்பயிற்சியை விடுத்தார். பாரதியார் போன்ற ஒருவரிடம் பயிலும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதன்று. தந்தையார் மகனுக்காகக் கண்ட கனவும் அதுவே. இரண்டையும் அறிந்தே அவர் அதனை விட்டார். அவருடைய வாழ்வில் நிகழ்ந்த முதல் துறவு இது.

ஆசிரியர் நடந்த வழி

மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள் இயற்றுவதில் நிகரற்றவர். எழுத்தாணியும் ஏடுமாக மாணவர் ஒருவர் அமர்ந்திருப்பார். ஆசிரியர் தடையின்றிப் பாடல்களைச் சொல்லிக்கொண்டே செல்வார். எழுதும் கை களைக்குமேயன்றிச் சொல்லும் நா களைக்காது. இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களையும், அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை முதலிய பல சிற்றிலக்கியங்களையும் அவர் இயற்றினார். அவ்வாறு அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிய மாணவருள் சாமிநாதையரும் ஒருவர்.

ஐந்தாண்டுகள் நெருங்கிய இப்பயிற்சி 1876ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆசிரியர் மறைந்தபோது முடிவுற்றது. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் அரவணைப்பில் அவர் தொடர்ந்து கற்றார். மடத்து மாணவர்களுக்குக் கற்பித்தார். செய்யுள் இயற்றும் ஆற்றலும் அவரிடம் நன்கு அமைந்திருந்தது. புராணம் பாடும் புலவர்களை ஊராரும் செல்வரும் போற்றிய காலம் அது. ஆசிரியர் நடந்த அகன்ற வழி மாணவருக்கும் திறந்தே இருந்தது.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் மகாவித்துவானின் மாணவர். அவர் தாம் ஓய்வுபெறும்போது அப்பணிக்குச் சாமிநாதையரே ஏற்றவர் எனத் தேர்ந்தார். சுப்பிரமணிய தேசிகருக்குத் தம் மடத்துப் புலவரைப் பிரிய மனமில்லை. எனினும் அவருடைய நலம் கருதி இசைந்தார். 1880ஆம் ஆண்டில் 50 ரூபாய் மாத ஊதியத்தில் சாமிநாதையர் கல்லூரி ஆசிரியரானார். வறுமையில் வளர்ந்தவருக்கு நிலையான வருவாய் கிடைத்தது. கற்ற கல்விக்கு மதிப்பும் கிடைத்தது. இனித் தேடவேண்டுவது ஒன்றுமில்லை என்று அமைந்துவிடத்தக்க நிலை அது.

ஒரு கேள்வி

அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், கும்பகோணத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் காணச் சென்றார். தமிழில் எவற்றைக் கற்றிருக்கிறீர்கள் என முதலியார் வினவினார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என ஐயர் நீண்ட பட்டியலைச் சொன்னார். இவ்வளவு கற்றவர் அரியர் என்பதை அவர் அறிவார். கேட்பவர் வியப்பார் என எதிர்பார்த்தார். முதலியார் வியக்கவில்லை. இவையெல்லாம் பிற்காலத்து நூல்கள். இவற்றிற்கு மூலமான பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றின் பெயர்களைச் சொன்னார்.

அந்நூல்கள் தமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தால் படிக்க இயலும் என ஐயர் விடையளித்தார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைப் பின்னர் அவருக்கு அளித்துப் பாடம் சொல்லுமாறு வேண்டினார். ஐயர் நூலைத் திறந்தார். தாம் அதுவரை கண்டறியாத ஒரு தமிழ் அதில் இருப்பதை உணர்ந்தார். நச்சினார்க்கினியரின் உரை துணையாக இருந்தது. ஆனால் அவ்வுரையே மற்றொரு புதிராகவும் இருந்தது. உரையாசிரியர் காட்டிய மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என்பதே பல இடங்களில் விளங்கவில்லை.

இருபத்தைந்து வயதுப் பேராசிரியருக்கு இது பெரிய அதிர்ச்சி. தாம் கற்றதனைத்தும் ஒரு பெருங்கடலின் கரையளவே என்று ஒப்புக்கொள்வது எளிதன்று. அவர் அதனை ஒப்புக்கொண்டார். முதலியார் கும்பகோணத்தை விட்டுச் செல்லும்போது, சிந்தாமணியை அச்சிடுமாறு வற்புறுத்தினார். அவ்வேண்டுகோளை ஐயர் தம் வாழ்நாள் கடனாக ஏற்றார்.

ஒரு நூலுக்கு ஏழாண்டுகள்

சிந்தாமணி 3145 செய்யுள்களைக் கொண்ட காப்பியம். அது வழங்கிவந்ததோ பனையோலையில். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் எகரத்திற்கும் நெடில் ஏகாரத்திற்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் நெட்டெழுத்தின் காலும் ஒன்றுபோலவே தோன்றும். செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதைப் படிப்பவரே தெளிய வேண்டும். செல்லரித்தும் முனை முரிந்தும் போன ஓலைகளில் சொற்களும் அடிகளும் மறைந்திருக்கும். பார்த்து எழுதியவர் செய்த பிழை அடுத்த பிரதிக்கும், அதற்கடுத்த பிரதிக்கும் பரவியிருக்கும்.

ஒரே வழிதான் இருந்தது. கிடைக்கும் பிரதிகள் அனைத்தையும் தொகுத்து, ஒவ்வொரு சொல்லையும் ஒப்புநோக்கி, பொருத்தமான பாடத்தைத் தேர வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட சிந்தாமணிப் பிரதிகளை அவர் தேடிச் சேர்த்தார். பகலில் கல்லூரிப் பணி. காலையிலும் இரவிலும் ஏட்டாராய்ச்சி. விடுமுறை நாள்கள் ஏடு தேடும் பயணங்களாயின.

சிந்தாமணி சமணக் காப்பியம். அதில் பயிலும் சமயச் செய்திகள் சைவ மடத்தில் கற்றவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலியோர் அக்காப்பியத்தைத் தம் இல்லத்தில் சமயநூலாகப் போற்றி வாசித்துவருவதைக் கண்டு வியந்தார். பல நூல்களைப் புரட்டியும் விளங்காத சொற்கள் அவர்களிடம் அன்றாட வழக்கில் இருந்தன. கல்லூரி ஆசிரியர் மாணவராக அமர்ந்து கேட்டார். சமண நூலைச் சைவர் ஒருவர் பதிப்பிப்பதா என்று குறைகூறியோரும் உண்டு. தமிழுக்குச் சமய எல்லை இல்லை என்பதைத் தம் செயலால் அவர் காட்டினார்.

இடையே ஒரு சோதனையும் வந்தது. யாழ்ப்பாணத்து அறிஞர் சி.வை. தாமோதரம் பிள்ளை, தொல்காப்பியப் பொருளதிகாரம் உள்ளிட்ட நூல்களை அச்சேற்றிய பதிப்பு முன்னோடி. சிந்தாமணியைத் தாம் வெளியிட விரும்புவதாகவும், ஆராய்ச்சிப் பிரதியைத் தருமாறும் அவர் கேட்டார். பதிப்புத்துறையில் ஐயருக்கு அப்போது பட்டறிவில்லை, கைப்பொருளும் இல்லை. கொடுத்துவிட்டால் சுமை நீங்கும். ஆயினும் தாம் ஏற்ற கடனைத் தாமே முடிக்க வேண்டும் என அவர் உறுதிபூண்டார். பதிப்புச் செலவுக்கு முன்கையொப்பம் பெற்றார். சென்னைக்கும் கும்பகோணத்திற்குமாக அச்சுத்தாள்கள் சென்று மீண்டன. ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது.

விடையளிக்காத வினாக்கள்

நூல் வெளிவந்ததும் பாராட்டுகள் குவிந்தன, கண்டனங்களும் எழுந்தன. பதிப்பில் பிழை மலிந்துள்ளதாகக் கூறும் துண்டறிக்கைகள் அச்சிடப்பெற்றுப் பரவின. அவற்றைக் கண்டு ஐயர் மனம் வருந்தினார். ஒவ்வொன்றுக்கும் மறுப்பெழுதி, மூத்த அன்பராகிய சாது சேஷையரிடம் காட்டினார். மறுப்பெழுதத் தொடங்கினால் அதற்கு மறுப்பு வரும், அது முடிவின்றி வளரும், நற்பணிக்குரிய காலமெல்லாம் அதிலேயே கழியும் என்று அவர் எடுத்துரைத்தார். அவ்வறிவுரையை ஐயர் ஏற்றார். உண்மையான பிழை தெரிந்தால் அடுத்த பதிப்பில் திருத்துவது, வீண்சொற்போரில் ஈடுபடாதிருப்பது என்பதே அதன்பின் அவர் கொண்ட நெறி.

அமைதியாக இருப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்க முடியாது. வாதத்தில் வெல்வதற்குரிய கல்வி அவரிடம் இருந்தது. எனினும் வெற்றியைவிட அடுத்த ஏடு அவருக்குப் பெரிதாகத் தோன்றியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என நூல்கள் வரிசையாக வெளிவந்தன. கண்டனத் துண்டறிக்கைகள் மறைந்துபோயின, பதிப்புகள் நிலைத்தன.

எரிந்த ஏடுகளும் உதிர்ந்த மலர்களும்

ஏடு தேடி அவர் செல்லாத ஊர் குறைவு. தொடர்வண்டியிலும் மாட்டுவண்டியிலும் பயணம் செய்தார். வண்டி செல்லாத இடங்களுக்கு நடந்தே சென்றார். மடங்கள், கோயில்கள், புலவர் வழியினரின் இல்லங்கள் எனப் பல இடங்களிலும் பரண்களையும் பெட்டிகளையும் ஆராய்ந்தார். திருநெல்வேலியில் கவிராயர்களின் இல்லங்களில் ஏடுகள் செம்மையாக அடுக்கப்பெற்றிருந்ததைக் கண்டு மகிழ்ந்தார்.

எல்லா இடங்களிலும் அம்மகிழ்ச்சி வாய்க்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியரின் ஏடுகள் இருந்தன என்று கேள்வியுற்று அங்குச் சென்றார். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடவேண்டும் என்னும் கருத்தால் அவை எரிக்கப்பட்டுவிட்டன என்பதே அங்குக் கிடைத்த விடை. வேறிடங்களில் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடப்பட்ட ஏடுகளும் உண்டு. அழித்தவர்கள் பகைவர் அல்லர். அவற்றின் அருமையை அறியாதவர்கள். இந்நிகழ்ச்சிகள் அவருக்கு ஒன்றை உணர்த்தின. புதிய பாடல்களைப் பாடப் பின்னாளிலும் புலவர் தோன்றுவர். அழிந்துபோன பழைய பாடலை எவராலும் மீண்டும் பாட முடியாது. காலம் குறுகியது, தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் ஓர் ஏடு மறையலாம்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறும் பகுதி ஒன்றுண்டு. கிடைத்த பிரதிகளில் அப்பகுதியின் சில அடிகள் குறைந்திருந்தன. செய்யுள் இயற்றுவதில் தேர்ந்த ஐயருக்கு, சில மலர்ப்பெயர்களைச் சேர்த்து அடிகளை நிரப்புவது கடினமன்று. படிப்போர் எவரும் கண்டறிந்திருக்க மாட்டார். அவர் அவ்வாறு செய்யவில்லை. தருமபுர ஆதீனத்திற்குச் சென்று தேடினார். அங்குள்ள ஏட்டில் அவ்வடிகள் முழுமையாக இருந்தன. உதிர்ந்த மலர்கள் உரிய இடத்தில் மீண்டும் பூத்தன. தம் புலமையை எங்கே பயன்படுத்தக்கூடாது என்று அறிந்திருந்தமையே பதிப்பாசிரியராக அவர் அடைந்த உயர்வு.

குறுகிய வழி விரிந்த கதை

ஒரு பணியையே பற்றி நின்றதால் அவருடைய அறிவு குறுகவில்லை. சிந்தாமணி அவரைச் சமணரிடம் அழைத்துச் சென்றது. மணிமேகலை பௌத்தத்தை அறியச் செய்தது. கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் பௌத்த நூல்களில் உள்ள செய்திகளை அவருக்கு எடுத்துரைத்தார். உரைமேற்கோள்களைத் தேடியதால் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் ஒளிபெற்றன. சங்க நூல்களில் மலரும் மரமும் பறவையும் வந்தன; அவற்றை அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்தார்.

அவர்தம் பதிப்புகள் மூலத்தை மட்டும் தந்து அமையவில்லை. நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, கதைச்சுருக்கம், பாடவேறுபாடுகள், அரும்பத அகராதி, மேற்கோள் விளக்கம் என ஒரு நூலைக் கற்க வேண்டிய துணைகள் அனைத்தும் அவற்றில் அமைந்தன. இளமையில் கற்ற சிற்றிலக்கியங்களும் வீண்போகவில்லை. யாப்பறிவால் சிதைந்த அடிகளின் குறைபாட்டை உணர்ந்தார். இலக்கிய நினைவாற்றலால் ஒப்புமைப் பகுதிகளைக் காட்டினார்.

1903ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். அவ்வாண்டு ஐங்குறுநூறும், அடுத்த ஆண்டு பதிற்றுப்பத்தும் வெளிவந்தன. 1906இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் அவரை நாடி வந்தது. 1918இல் பரிபாடலைப் பதிப்பித்தார். 1919இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றார், ஏட்டுப்பணியிலிருந்து ஓயவில்லை. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க்கல்லூரியின் முதல்வராக விளங்கிய பின், சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்த தம் இல்லத்திற்கே திரும்பி ஏடுகளோடு அமர்ந்தார். அவ்வில்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயர். தமக்குப் பணி தேடித்தந்த தியாகராச செட்டியாரின் நினைவாக அமைந்த பெயர் அது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1937இல், 82 வயதில், தாமே எழுதிய விரிவான உரையுடன் குறுந்தொகையை வெளியிட்டார்.

விடுத்தவற்றை வேறு வடிவில் மீட்டல்

முதுமையில் அவர் உரைநடையில் எழுதலானார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக இயற்றினார். புராணங்கள் பல பாடிய ஆசிரியரின் வாழ்வை, புராணம் பாடும் வழியில் செல்லாத மாணவர் நிலைநிறுத்தினார். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் முதலிய இசைவாணர்களின் வரலாறுகளையும் எழுதினார். இளமையில் விட்ட இசை அவருடைய உள்ளத்தில் மறையாமல் இருந்ததை அந்நூல்கள் உணர்த்துகின்றன. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடன் இதழில் என் சரித்திரம் என்னும் தன்வரலாற்றைத் தொடராக எழுதினார். அது நிறைவுறுவதற்கு முன் அவர்தம் வாழ்வு நிறைவுற்றது.

இரண்டாம் உலகப்போரின்போது சென்னை நகரம் தாக்கப்படலாம் என்னும் அச்சம் பரவியது. மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். ஐயரும் குடும்பத்தினருடன் திருக்கழுக்குன்றத்திற்குச் சென்றார். அங்கு 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் தொகுத்த ஏடுகளையும் நூல்களையும் காக்கும்பொருட்டு, 1943இல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அவர் பெயரில் நூல்நிலையம் நிறுவப்பெற்றது. சென்னையில் இன்றும் அது இயங்கிவருகிறது.

சங்கத்தமிழின் தொன்மையைப் பேசும் ஒவ்வொருவரும் அவருடைய உழைப்பின்மீது நின்றே பேசுகின்றனர். அவர் பாடியிருக்கக்கூடிய இசையை நாம் கேட்கவில்லை. இயற்றியிருக்கக்கூடிய காப்பியங்களைப் படிக்கவில்லை. அவற்றிற்கு ஈடாகக் கபிலரையும் ஒளவையாரையும் இளங்கோவடிகளையும் சாத்தனாரையும் நமக்குத் தந்து சென்றார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஓலைச்சுவடிகள் உள்ள இடங்களைக் கேட்டறிந்து, அவை காக்கப்படும் முறையைக் குறிப்பெழுதுக.
2. புள்ளியும் இடைவெளியும் இன்றி ஒரு பத்தியை எழுதி நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் செய்க. எழும் ஐயங்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. குறிஞ்சிப்பாட்டில் குறைந்திருந்த அடிகளைத் தாமே இயற்றி நிரப்பாமல் உ.வே.சா. தேடிச் சென்றது ஏன்? உங்கள் கருத்தைக் கட்டுரையாக எழுதுக.